எழுபது சென்ட்டுப் பங்குக்கு அப்புச்சி வைத்தியம்

ஏங்கண்ணு, பங்கு எழுபது சென்ட்டுக்கு வந்ததுக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கறே? மருந்து கண்டுபுடிக்கறவன் வேற ஆளு. அதைச் சாப்புட்டுப் பாக்கற நோயாளி வேற ஆளு. காசு போட்டவன் வேற ஆளு. உனக்கு இருக்கறது ஒரு போனும் ஒரு வாயுந்தான். அந்த வாயை எப்பத் தொறக்கோணும், எப்ப மூடோணும்ங்கறதுக்குத்தான் பாஸ்டன் பக்கத்துல உனக்கு அத்தனை சம்பளம். முதலீட்டாளர் தொடர்பு அதிகாரியாம்ல! நானும் கண்ணபுரம் சந்தையில காலமெல்லாம் மாட்டுத் தரகு பாத்தவந்தான். என்ற காலத்துல இந்த வேலைக்கு இத்தனை நீளப் பேரு இல்லை, கழுத்துல டையும் இல்லை.

போன வாரம் நீ அனுப்புன பத்திரிகைச் செய்தியப் பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்டக் குடுத்துப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். ரிட்டயர்டு இங்கிலீசு வாத்தியார், அவருக்கே ரெண்டாந்தரம் படிக்க வேண்டியதாப் போச்சு. தலைப்புல "ஊக்கமளிக்கும் முடிவுகள்". மொதப் பத்தியில தலைமைச் செயல் அதிகாரிக்கு மகிழ்ச்சி. ரெண்டாம் பத்தியில மருத்துவ ஆலோசகருக்கு மகிழ்ச்சி. மூணாம் பத்தியில, மருந்து சாப்புட்டவங்க நல்லாத் தாங்கிக்கிட்டாங்களாம். அட, வெறும் மாவு மாத்திரை சாப்புட்டவங்களுந்தான் நல்லாத் தாங்கிக்கிட்டாங்க! ஆறாம் பத்தியில, அதுவும் ஒரு நீட்டு வாக்கியத்தோட வாலுல, முதன்மை இலக்கை எட்டலைங்கறது வருது. நல்லாத்தான் எழுதியிருக்கறே. இன்னங்கொஞ்சம் மெனக்கெட்டிருந்தா ஏழாம் பத்திக்கே தள்ளியிருக்கலாம். அதை வெள்ளிக்கெழமை சாயங்காலம் சந்தை மூடுனதுக்கப்பறம் வுட்டே பாரு, அங்கதான் உன்ற படிப்பு தெரியுது. திங்கக்கெழமைக்குள்ள எல்லாரும் மறந்துபோவாங்கன்னு நெனைச்சியா? ரெண்டு நாள் லீவுல உக்காந்து ஆற அமரப் படிக்கறதுக்கு அவங்களுக்கு நேரமில்ல குடுத்திருக்கறே!

தலைப்புத்தானே, யாரு கேக்கப்போறாங்கன்னு உன்ற மேலாளர் சொல்றாரா? அப்ப அவருக்கு இன்டர்மியூன் கதையச் சொல்லு. எனக்கு நீ சொன்னதுதான், இப்ப நீயே மறந்துட்டியாட்ட இருக்குது. கலிபோர்னியாக் கம்பெனி. நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டற நோய்க்கு ஆக்டிமியூன்னு ஒரு ஊசி மருந்தை 330 பேருகிட்டப் பரிசோதிச்சுப் பாத்தாங்க. முதன்மை இலக்கு எட்டலை. உசுரோட இருந்தவங்க கணக்கப் பாத்தா மருந்துப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு, ஆனா அது தற்செயலா வந்ததான்னு பாக்கற பி மதிப்பு 0.08. அது 0.05-க்குக் கீழ வந்தாத்தான் சரிம்பாங்க. அப்பறம் நோய் லேசாவும் நடுத்தரமாவும் இருந்தவங்களை மட்டும் பிரிச்செடுத்து எண்ணுனாங்க. அடேங்கப்பா, சாவு 70 சதவீதம் கொறைஞ்சிருக்குது! எண்ணி முடிச்சதுக்கப்பறம் பிரிச்சுப் பாக்கறதுன்னா செவ்வாக்கெழமை பொறந்தவங்க, எடதுகைக்காரங்கன்னு யாருகிட்டயாவது ஒரு நல்ல சேதி கெடைக்காமப் போகாது. ஆனா 2002 ஆகஸ்டு 28-ந் தேதி, இந்த மருந்து உசுரக் காப்பாத்துதுன்னு நிரூபணமாயிருச்சுங்கறாப்பல தலைப்புப் போட்டுச் செய்தி வுட்டுட்டாங்க.

தலைமைச் செயல் அதிகாரி ஸ்காட் ஹார்கனன், டாக்டருக்குப் படிச்ச மனுசன். அந்தச் செய்தியில இருந்த எண்ணுல ஒண்ணுகூடப் பொய்யில்லை. இருந்தும் 2009-ல ஜூரி மோசடிக் குத்தவாளின்னு தீர்ப்புச் சொல்லிப்போட்டாங்க. ஆறு மாசம் வீட்டுக்காவல், 20,000 டாலர் அபராதம். மருந்துக்கு இன்னொரு பெரிய பரிசோதனை வெச்சாங்க, பிரயோசனமில்லைன்னு 2007-ல அதையும் நிறுத்திட்டாங்க. 2021 ஜனவரியில டிரம்ப் பதவிய வுட்டு எறங்கற நேரத்துல ஹார்கனனுக்கு மன்னிப்புக் குடுத்தாரு. ஒரு தலைப்புக்காவ பதினெட்டு வருசத்துக்கு மேல அலைஞ்சிருக்கறாரு மனுசன். உனக்கு டிரம்பு பழக்கமா சாமி? இல்லீன்னா அந்த ஆறாம் பத்தியைத் தூக்கி மொதப் பத்தியாப் போடு. பங்கு எப்பிடியும் விழத்தான் போகுது. அடுத்த தடவை நீ "நல்ல முடிவு"ன்னு எழுதறப்ப, மனுசன் ஆறாம் பத்தியத் தேடி ஓடாம இருப்பானல்ல?

போன்ல பேசறதுலயும் உனக்குப் பக்குவம் பத்தாது. சந்தையில நாங்க வெலை பேசறதைச் சின்ன வயசுல என்ற தோள்மேல உக்காந்து பாத்திருக்கறே. கைமேல துண்டப் போட்டு மூடிட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் புடிச்சுத்தான் வெலை. சுத்தி நூறு பேரு நின்னாலும் வாங்கறவனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். உங்க ஊர்லயும் இப்பிடித்தான் இருந்துச்சாம். பெரிய ஃபண்டு மேனேசருக்கும் ஆய்வாளருக்கும் சேதி முன்னாடியே போயிரும், பென்சன் காசைப் போட்ட பெருசு அடுத்த நாள் பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சுக்கோணும். 2000 அக்டோபர்ல ரெகுலேஷன் எஃப்.டி.ன்னு ஒண்ணைக் கொண்டாந்து பங்குச்சந்தையக் கண்காணிக்கற எஸ்.இ.சி. அந்தத் துண்டை உருவிப்போட்டுச்சு. வெலைய அசைக்கற சேதிய அந்த மாதிரி ஒருத்தருகிட்டச் சொன்னா, அதே நேரத்துல ஊருக்கே சொல்லோணும். வாய் தவறி வந்துட்டாலும் கையோட ஊருக்குச் சொல்லிப்போடோணும்.

உனக்கு வாய் தவறாதுன்னு தெரியும். உன்ற பெருமூச்சுதான் எனக்கு வெசனமா இருக்குது. "அடுத்த முடிவு எப்பிடி இருக்கும்?"னு கேட்டா "தெரியாதுங்க"ன்னு சொல்லு, சரிதான். "தெரியாதுங்க"ன்னு சொல்லிப்போட்டு நீ ஒரு பெருமூச்சு வுடறே பாரு, நியூயார்க்குல இருக்கறவன் அதைக் கேட்டுட்டுத்தான் லட்சம் பங்கை விக்கறான். அவனெல்லாம் பெருமூச்சுக்கே காசு குடுக்கறவன் கண்ணு.

ஒறம்பரைக சமாச்சாரம் இன்னும் மோசம். இம்குளோன் கம்பெனிய நடத்துன சாம் வாக்சலுக்கு 2001 டிசம்பர் கடைசியில ஒரு சேதி காதுக்கு வந்துச்சு. எர்பிடக்ஸ்ங்கற புற்றுநோய் மருந்துக்குப் போட்ட விண்ணப்பத்தை, மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ. எடுத்துக்கப் போறதில்லைன்னு. ஊருக்குத் தெரியறதுக்கு முந்தியே மகளுக்குச் சொன்னாரு, மக பங்கை வித்துட்டா. பெத்த பாசந்தான், வேறென்ன? ஏழு வருசத்துக்கு மேல செயிலு, 40 லட்சம் டாலருக்கு மேல கட்டவும் சொல்லிட்டாங்க. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மருந்து நல்ல மருந்து. 2004 பிப்ரவரியில அதே எஃப்.டி.ஏ. அனுமதி குடுத்துச்சு. மனுசன் அன்னிக்கு உள்ள இருந்தாரு.

சரி, எழுபது சென்ட்டுக்கு வருவோம். தொடர்ந்து 30 வியாபார நாள் ஒரு டாலருக்குக் கீழயே முடிஞ்சா நாஸ்டாக் பங்குச்சந்தையில இருந்து கடுதாசி வரும், வந்து நாலு வியாபார நாளுக்குள்ள அதை ஊருக்குச் சொல்லோணும், 180 நாள் தவணை, அதுக்குள்ள தொடர்ந்து 10 நாளாவது ஒரு டாலரோ மேலயோ முடியோணும். இதெல்லாம் உனக்கு மனப்பாடம். உன்ற கம்பெனி கண்டுபுடிச்ச வைத்தியம், பத்துப் பங்கை ஒண்ணாச் சுருக்கறது. எழுபது சென்ட்டு ராத்திரியோட ராத்திரியா ஏழு டாலராயிரும். 1000 பங்கு வெச்சிருந்தவன்கிட்ட 700 டாலர் இருந்துச்சு. இப்ப 100 பங்கும் அதே 700 டாலரும் இருக்குது. பாவி மனுசனுக்குக் கெடைச்சது ஒண்ணுமில்லை. அதுக்கு நீ எழுதுன தலைப்பு "பங்குதாரர் மதிப்பை உயர்த்தும் நடவடிக்கை". வாத்தியார் மூக்குக் கண்ணாடியக் கழட்டிச் சிரிச்சாரு. "நாஸ்டாக்குல நீடிக்கறதுக்காகச் சுருக்கறோம், இதனால கம்பெனி மதிப்புக் கூடாது"ன்னு ரெண்டே வரியில எழுதியிருந்தா உன்னைத் திட்டக்கூட ஆளு கெடைச்சிருக்காது. 2025-ல நாஸ்டாக் விதியையும் இறுக்கிட்டாங்களாம்ல? ஒருக்காச் சுருக்குனவன் வருசத்துக்குள்ள மறுபடி ஒரு டாலருக்குக் கீழ வந்தா தவணையே கெடையாதாம். அப்ப இந்த வைத்தியத்தை நெனைச்சப்பல்லாம் செய்ய முடியாது.

உடனே நீ நோவாவாக்ஸ் கம்பெனி கதைய எடுத்துக்குவே, தெரியும். 2016-லயும் 2019-லயும் அவங்க ஆர்.எஸ்.வி. தடுப்பூசி பெரிய பரிசோதனையில தோத்துச்சு. பங்கு ஒரு டாலருக்குக் கீழ போச்சு, 2019 மே மாசம் இருபதை ஒண்ணாச் சுருக்குனாங்க. 2021 பிப்ரவரியில 300 டாலருக்கு மேல ஏறுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா நடுவுல ஒலகத்துக்கே கொள்ளைநோய் வந்துச்சே, அதை வுட்டுட்டியே! முதலீட்டாளர் கூட்டத்துல போயி, "அடுத்த கொள்ளைநோய் வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க"ன்னு சொல்லுவியா?

உன்ற படக்காட்சியில நாப்பது பக்கம் இருக்குது. செல்லு, மரபணு, அம்புக்குறி, ஆயிரம் கோடி டாலர் சந்தைன்னு என்னென்னமோ. நான் கேக்கறது ஒண்ணுதான்: கையில இருக்கற காசு எத்தனை மாசத்துக்கு வரும்? அதை முப்பத்தெட்டாம் பக்கத்துல பொடி எழுத்துல வெச்சிருக்கறே. கம்பெனி தொடர்ந்து நடக்குமாங்கறதுல கணிசமான சந்தேகம் இருக்குன்னு தணிக்கையாளரே அறிக்கையில எழுதிட்டாரு. நீ மட்டும் மேடையில, "நாங்க நல்ல நெலையில இருக்கறோம்"ங்கறே. ரெண்டையும் ஒட்டுக்கா வெச்சுப் படிக்கறவன் உன்னைப் பத்தி என்ன நெனைப்பான்? காசு வேணும்னா வேணும்னு சொல்லு. மருந்துக் கம்பெனி பங்கு விக்காமப் பொழைக்காதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். சந்தை வெலைக்கே கொஞ்சங் கொஞ்சமா விக்கறீங்களா, ஒரே மொத்தமா விக்கறீங்களா, கூட வாரண்டும் குடுக்கறீங்களா, அதையெல்லாம் வெளிச்சத்துல வெய்யி. காத்தால நல்ல சேதிய வுட்டு, பங்கு துள்ளுனதும், அன்னிக்கு ராத்திரியே புதுப் பங்கைத் தள்ளுபடியில வித்தீங்களே, அதைத்தான் மனுசன் மறக்க மாட்டேங்கறான். அதுக்கப்பறம் நீ நல்ல சேதி சொன்னாலே பயந்து போயி விக்கறான்.

ஜனவரி வந்தா சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓடறே. ஜே.பி. மார்கன் மாநாடு, வெஸ்டின் செயின்ட் ஃபிரான்சிஸ் ஓட்டல். உள்ள போக உங்களுக்கு அழைப்பில்லை. பக்கத்துத் தெருவுல யானை வெலைக்கு ரூம் போட்டு, கட்டில்மேல உக்காந்துட்டுக் காசுக்காரங்களைச் சந்திக்கறீங்க. போறது தப்பில்லை. கையில காசு எத்தனை மாசத்துக்குன்னு கேக்கறப்ப அந்த ரூம் வாடகை மட்டும் ஞாபகத்துக்கு வரக்கூடாது.

அப்பறம் அந்த மார்க்கெட்டிங்காரன், நம்ம பங்கை ஆகா ஓகோன்னு புகழ்ந்து எழுத ஆளு இருக்குதுங்கறானே, அவனுக்கு டீயக் குடிக்கக் குடுத்து அனுப்பிப்போடு. காசு வாங்கிட்டு எழுதுனதை மறைச்சாங்கன்னு 2017 ஏப்ரல்ல எஸ்.இ.சி. ஆளும் கம்பெனியுமா 27 பேருமேல நடவடிக்கை எடுத்துச்சு. அதுல சின்ன மருந்துக் கம்பெனிக இருந்துச்சுன்னு நாஞ்சொல்லி நீ தெரிஞ்சுக்கோணுமா?

இனி, காத்தால ஆறு மணிக்கே போன் பண்ணித் திட்டறாரே ஒகாயோக்காரப் பெரியவர், அவரு நம்பரைப் பாத்ததும் போனைக் கவுத்து வெச்சுடறேன்னு சிரிச்சுட்டே சொன்னியே, அது எனக்குப் புடிக்கலை. எடு. திட்டி முடிக்கட்டும். மூச்சு வாங்க நிறுத்துவாரல்ல, அப்பச் சொல்லு: "ஐயா, எங்களுக்குத் தெரிஞ்சது இன்னது, அதை இன்ன தேதி அறிக்கையில சொல்லிட்டோம். தெரியாதது இன்னது. அது எப்பத் தெரியும்னா இன்ன காலத்துல." அம்புட்டுத்தான். பங்கு விழும்னு பந்தயங் கட்டி ஷார்ட் விக்கறவங்க சதின்னு அவருகூடச் சேர்ந்து நீயும் பொலம்பாதே. பரிசோதனையில தோத்தது மருந்து, அதுல ஷார்ட்காரன் என்ன பண்ணுவான்? பங்கு ஏறுற அன்னிக்கு எந்தக் குரல்ல பேசுனியோ அதே குரல்ல எறங்கற அன்னிக்கும் பேசு. அவருகிட்ட இருக்கறது ஐநூறு பங்காவே இருக்கட்டும். பெரிய ஃபண்டெல்லாம் போன காலாண்டுலயே வித்துட்டு ஓடிப்போச்சு, இன்னம் நின்னுட்டு இருக்கறது அந்த மனுசந்தான். முடிவு எப்ப வரும்னு கேட்டா "இரண்டாம் அரையாண்டு"ன்னு மட்டும் சொல்லாதே. அப்பிடின்னா டிசம்பர் 31 ராத்திரின்னு அர்த்தம்னு இப்ப ஒகாயோ வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. விஞ்ஞானிக சொல்ற தேதிய ஒரு காலாண்டு பின்னாடி தள்ளிச் சொல்லு. முன்னாடி வந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. உன்ற அம்மிச்சி, ஆடு வித்த காசு இருக்குது, பேரன் கம்பெனியில போடலாமா, முடிவு நல்லா வருமான்னு பையனைக் கேட்டுச் சொல்லுங்கன்னு நச்சரிக்கறா. ஞாயித்துக்கெழமை நீ கூப்புடறப்ப போனைப் புடுங்கி அவளே கேப்பா. வாயத் தொறக்காதே. பெருமூச்சும் வுடாதே. "எல்லாம் 10-கியூ காலாண்டு அறிக்கையில இருக்குது அம்மிச்சி"ன்னு சொல்லி அதை அனுப்பி வெய்யி. அவ அதைத் தூக்கிட்டு நேரா வாத்தியார் வீட்டுக்குத்தான் போவா. அபாயக் காரணிகள்னு இருக்கறதை அவரு நாலு பக்கம் படிச்சுச் சொன்னாப் போதும், வர்ற வழியிலயே இன்னொரு ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வந்துருவா.