‘தி மிஸ்ட்’ படம் முடிந்தபின் பார்வையாளர்பால் தோன்றும் எண்வகை மெய்ப்பாடுகள்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

திகில் படம் பார்த்தால் பயம் வரும். இதில் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் வரும் பூதங்களையெல்லாம் ராணுவம் எரித்து, பனிமூட்டம் விலகி, ஆபத்து முற்றும் நீங்கிய பிறகும் ஒருவர் ரிமோட்டைச் சோபாவில் எறிந்து, பெயர்கள் ஓடும் திரையைப் பார்த்து, “பாவி, ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று கத்துகிறார் என்றால், ஆய்வாளனுக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஸ்டீபன் கிங்கின் குறுநாவலைத் தழுவி ஃபிராங்க் டாரபான்ட் இயக்க, 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘தி மிஸ்ட்’ இக்கட்டுரையின் எல்லை. தரவுகள், படம் பார்த்தவர்களோடு ஒரே அறையில் இருந்து, எழுந்து போக வழியின்றிக் கேட்டவை. ஆய்வு நெறிப்படி முடிவை முதலிலேயே சொல்லியாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் கட்டுரையை இங்கே மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வந்தபின் அவர்களும் தரவாகிவிடுவார்கள்.

மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று. புயலடித்த மறுநாள் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்த ஓவியர் டேவிட் டிரேட்டனும் அவருடைய சின்ன மகன் பில்லியும் ஊர்க்காரர்களோடு உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே பனிமூட்டம்; அதற்குள் இந்த உலகத்தைச் சேராத பிராணிகள். உள்ளே மிஸஸ் கார்மோடி என்ற அம்மாள், இது கடவுள் கொடுத்த தண்டனை, பலி கொடுத்தால்தான் தீரும் என்கிறார். பயம் ஏற ஏறக் கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது. டேவிட், பில்லி உட்பட ஐந்து பேர் காரில் தப்புகிறார்கள். போகிற வழியில் பெட்ரோல் தீர்கிறது. துப்பாக்கியில் மிச்சம் நான்கு தோட்டாக்கள். பிராணிகளிடம் சிக்கிச் சாவதைவிட இது மேல் என்று டேவிட் தன் மகன் உட்பட நால்வரையும் சுட்டுவிட்டு, தானும் சாகக் காரைவிட்டு இறங்கி நிற்கிறார். பனிக்குள்ளிருந்து வெளிவருவது ராணுவம். மூட்டம் கலைகிறது. படம் முடிகிறது.

2. முதல்நூலும் வழிநூலும்

கிங்கின் குறுநாவல் 1980-இல் ‘டார்க் ஃபோர்சஸ்’ என்ற தொகுப்பில் வந்து, 1985-இல் அவருடைய ‘ஸ்கெலிட்டன் க்ரூ’வில் சேர்ந்தது. அதன் முடிவில் யாரும் யாரையும் சுடுவதில்லை. கார் பனிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ரேடியோ இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஓர் ஊரின் பெயர் கேட்டதுபோல் இருக்கிறது. ஒரு நம்பிக்கை. ஆனால் ஆட்களைவிடத் தோட்டாக்கள் குறைவு என்ற கணக்கு மட்டும் கதைசொல்லியின் மனத்தில் ஓடி மறைகிறது. கிங் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன அந்த விதையை எடுத்து மரமாக வளர்த்தவர் டாரபான்ட்.

வழிநூல் என்பது முதல்நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, இடையில் வேண்டிய வேறுபாடுகளைக் கொள்ளலாம் என்பது நன்னூலார் கொள்கை. டாரபான்ட் இடையிலுள்ளதைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு முடிபை மட்டும் மாற்றினார். ஆகவே இப்படம் வழிநூல் ஆகாது. சார்புநூல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அற்றேல், முதல்நூலாசிரியர் சினந்திருப்பாரே எனின், அன்று. 1980-இல் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ எடுத்ததற்குப் பல ஆண்டுகள் குறைபட்டுக்கொண்ட அதே கிங், தன் கதையின் முடிவையே கவிழ்த்துப் போட்ட டாரபான்ட்டைப் பாராட்டினார். நூலாசிரியர் மனம் நன்னூலுக்குக் கட்டுப்படுவதில்லை என்க.

தயாரிப்பாளர் தரப்பையும் பதிவு செய்ய வேண்டும். முடிவை மாற்றினால் பெரிய தொகை தருவதாக ஒருவர் முன்வந்ததாகவும், அதை மறுத்துக் குறைந்த செலவில் எடுத்ததாகவும் டாரபான்ட் சொல்லியிருக்கிறார். படத்தின் செலவு சுமார் 1.8 கோடி டாலர். இந்தப் படம் வந்த அடுத்த மாதமே வெளியான ‘ஐ ஆம் லெஜண்ட்’, ரிச்சர்ட் மேத்சனின் 1954 நாவலைத் தழுவியது. அதற்கு முதலில் எடுத்த முடிவு முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போக, வேறு முடிவோடு திரைக்கு வந்தது. பழைய முடிவு பிறகு டிவிடியில் வெளிவந்தது. அங்கே பார்வையாளர் பேச்சு எடுபட்டது. இங்கே எடுபடவில்லை. எடுபடாத பேச்சுதான் வீட்டுக்கு வீடு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

3. எண்வகை மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் கூறினார். அவ்வெட்டும் இப்பார்வையாளரிடம் குறைவின்றிக் காணப்படுகின்றன.

நகை: எள்ளல் வழிப்பட்டது. கிராபிக்ஸ் பிராணிகளைப் பார்த்துப் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை இருமலாக மாற்றிக்கொள்வார்.

அழுகை: இழவு வழிப்பட்டது. சிறு குழந்தை உள்ளவர்களிடம் மிகுதி. இவர்கள் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போய், தூங்குகிற பிள்ளைக்கு ஏற்கெனவே போர்த்தியிருக்கும் போர்வையை இன்னொரு முறை இழுத்து விடுவார்கள். கேட்டால், “ஏசி ஜாஸ்தியா இருக்கு” என்பார்கள்.

இளிவரல்: “இனிமே இந்த ஆளு படமே பார்க்க மாட்டேன்” என்ற சபதமாக வெளிப்படும். ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ எடுத்தவரும் இதே ஆள்தான், அதுவும் இதே கிங்கின் கதைதான் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னதும் சபதம் திருத்தப்படும்.

மருட்கை: புதுமை வழிப்பட்டது. படத்தின் தொடக்கத்தில், வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், யாராவது துணைக்கு வாருங்கள் என்று கெஞ்சி, யாரும் வராமல் தனியாகப் பனிக்குள் நடந்து போன பெண், கடைசியில் தன் பிள்ளைகளோடு ராணுவ லாரியில் நின்று டேவிட்டைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறாள். உலகமே இடிந்து விழும் இந்த நேரத்தில் பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம ‘வாக்கிங் டெட்’ கரோல் இல்ல?” என்பார். ஆம். அவர் மெலிசா மெக்பிரைட். இப்படத்தின் லாரி ஹோல்டனும் ஜெஃப்ரி டிமன்னும்கூடப் பின்னர் டாரபான்ட் உருவாக்கிய அத்தொடருக்குப் போனவர்களே. துக்கத்திலும் நடிகரை அடையாளம் காண்பது மனித இயல்பு.

அச்சம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கில் வரும் என்பர். கண்ணாடியில் வந்து மோதுவன விலங்கு. கார்மோடி அணங்கு. கள்வர் இல்லை. தம் இறை என்பது ‘ஆரோஹெட்’ என்ற திட்டத்தின் பெயரால் மலை முகாமில் வேறு உலகத்துக்கு ஜன்னல் திறந்துவிட்ட ராணுவம். விலங்குக்குப் பயந்தவர்களே கடைசியில் இறையைக் கண்டதும் கூடுதலாகப் பதறுவது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

பெருமிதம்: கல்வி வழிப்பட்டது. “புக்ல இப்படி இல்லையே” என்பது இதன் வாய்பாடு. இதில் ஒரு பிரிவினர், இயக்குநர் விரும்பியது கறுப்பு வெள்ளைப் பதிப்பைத்தான், டிவிடியில் அதுவும் இருக்கிறது, கலரில் பார்த்தது பார்த்ததாகக் கணக்கில் வராது என்று கூறி, ஏற்கெனவே நொந்து கிடப்பவர்களை இரண்டாம் முறை பார்க்க அழைப்பார்கள்.

உவகை: விளையாட்டு வழிப்பட்டது, எட்டிலும் கொடியது இதுவே. படத்தை முதல்நாள் திட்டித் தீர்த்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனரை வரவழைத்து, “மாப்ளே, சூப்பர் படம், கடைசி வரைக்கும் எந்திரிக்காம பாருங்க” என்று உட்கார வைப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போது இவர் திரையைப் பார்ப்பதில்லை. மைத்துனர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெகுளி: இது தனி இயல் வேண்டுவது.

4. வெகுளி இயல்

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன வெகுளியின் நிலைக்களன்கள். படத்தில் கொலை இருக்கிறது, எனவே இது கொலை வழிப்பட்ட வெகுளி எனின், பொருந்தாது. கொலையால் வெகுண்டவர் கொன்றவன்மேல் வெகுள்வதே முறை. இங்கே டேவிட்மேல் யாருக்கும் நிலைத்த கோபம் இல்லை. அப்படியானால் இது சாவு பற்றிய கோபம் அன்று. பில்லி பிராணியின் வாயில் போயிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ராணுவம் வராமலே படம் முடிந்திருந்தாலும் தூங்கப் போயிருப்பார்கள். கோபம் வருவது அந்த இடைவெளியால். சுட்டதற்கும் ராணுவம் வந்ததற்கும் நடுவில் உள்ள கால அளவு கொஞ்சம் நீண்டிருந்தால் சோகம். இவ்வளவு குறுகியதால் வெகுளி. தொல்காப்பியர் சொல்லாமல் விட்ட ஐந்தாம் நிலைக்களன் ‘நேரம்’ என்று இக்கட்டுரை முன்மொழிகிறது.

வெகுண்டவர் அடுத்துச் செய்வது கணக்கு. அவ்வறையில் இருந்த கணக்கர் ஒருவரைக் கூர்ந்து நோக்கினோம். அவர் படத்தைப் பின்னோக்கி ஓட்டிக் கார்மோடி சுடப்படும் இடத்தில் நிறுத்தினார். பில்லியைப் பலி கேட்ட கார்மோடியை, கடையின் உதவி மேலாளர் ஆலி வீக்ஸ் சுட்டு வீழ்த்தும் காட்சி அது. படம் முழுவதிலும் பார்வையாளர் கைதட்டும் ஒரே இடமும் அதுதான். நம் கணக்கரும் தட்டியவர். இப்போது விரல்விட்டு எண்ணினார். ஆலி சுட்டது இரண்டு முறை. அது காரில் தப்பியவர்களில் ஒருவரான அமண்டாவின் துப்பாக்கி. வெளியே வந்ததும் ஆலியைப் பிராணி கவ்விக்கொள்ள, காரின்மேல் விழுந்த அதே துப்பாக்கியைத்தான் டேவிட் கை நீட்டி எடுக்கிறார். “ஒரு குண்டுல முடிச்சிருந்தா அஞ்சு மிச்சம். அஞ்சு பேரும் போயிருப்பாங்க. ராணுவம் வந்ததைப் பார்க்க ஒருத்தனும் இருந்திருக்க மாட்டான்.”

கணக்கு சரி. ஆனால் கணக்கரின் முகம் சற்றே மாறியதைப் பதிவு செய்வது ஆய்வாளன் கடமை. டேவிட் தனியே உயிரோடு நின்று கதறக் காரணமான அந்த இரண்டாவது தோட்டா செலவானபோது, கைதட்டியவர்களில் தானும் ஒருவர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

5. பிழை காண் இயல்

கணக்கு உதவாதபோது பிழை தேடுவார்கள். இதுவரை எழுந்த வாதங்கள் நான்கு.

முதலாவது: பொறுத்திருக்க வேண்டும். மறுப்பு: எவ்வளவு நேரம் பொறுப்பது என்று அறிய, ராணுவம் எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் சோபாவில் இருந்தார், காரில் இல்லை.

இரண்டாவது: கடையைவிட்டு வந்திருக்கக் கூடாது. மறுப்பு: கடையில் இருந்தால் பில்லியைப் பலி கொடுத்திருப்பார்கள். ஜெஸ்ஸப் என்ற இளம் சிப்பாயைக் கத்தியால் குத்தி வெளியே தள்ளியதைப் பார்த்துவிட்டும் இப்படிப் பேசுவது முறையன்று.

மூன்றாவது: அந்தத் தாய்க்குத் துணையாகப் போகாத பாவம்தான் இவனைத் தண்டித்தது. இவ்வாதம் கேட்க அழகானது. சொல்பவர் குரலும் தாழ்ந்துவிடும். மறுப்பு: துணைக்குப் போகாதவர்கள் கடையிலிருந்த அத்தனை பேரும். தண்டனை டேவிட் ஒருவருக்கே ஏன்?

நான்காவது: கார்மோடி பையனைப் பலி கேட்டார். பையன் செத்தான். உடனே பனி விலகியது. ஆகவே அந்த அம்மாள் சொன்னது சரிதானோ? இதைச் சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்; ஆனால் மற்றவர் மறுக்கும்வரை காத்திருப்பார். மறுப்பு: பனி விலகியது ராணுவத்தின் வேலையால். அவர்கள் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அந்த லாரியில் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டவர்கள் நிற்கிறார்கள்.

இந்நான்கையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நான்கிலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: யார் செய்த தப்பு? காரணமில்லாமல் பனி வந்தது என்பதைக் கடைக்குள் இருந்தவர்களால் தாங்க முடியவில்லை. அதற்குப் பாவம் என்று பெயர் சொல்ல ஒருத்தி கிடைத்ததும் அவள் பின்னால் போனார்கள். காரணமில்லாமல் முடிவு வந்தது என்பதைச் சோபாவில் இருந்தவர்களாலும் தாங்க முடியவில்லை. டேவிட் அன்பாலும் பயத்தாலும், அப்போது தெரிந்ததை வைத்து முடிவெடுத்தார், அது தவறாகிப்போனது, அதில் எந்தத் தண்டனையும் இல்லை என்று படம் சொல்கிறது. அதைவிட, அவர் ஏதோ பாவம் செய்தார் என்பதே பார்வையாளருக்கு ஆறுதல். கார்மோடி சுடப்பட்டபோது கைதட்டியவர்கள், அவர் செத்த பிறகு அவருடைய வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

6. கண்டறிந்தவை

ஒன்று: பார்வையாளருக்குத் துயர முடிவு பகையன்று. காரணம் காட்டாத முடிவே பகை.

இரண்டு: எட்டு மெய்ப்பாடும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பிழை தேடும் வேட்கை மட்டும் அடங்குவதில்லை. டேவிட்மேல் குற்றம் நிலைக்காது, டாரபான்ட் கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறார், கிங்கோ பாராட்டிவிட்டார் என்று ஒவ்வொரு வாயிலும் அடைபட்ட பிறகு, அறை சற்று நேரம் அமைதியாகும். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: “ஆமா, இந்தப் படத்தைப் போடச் சொன்னது யாரு?” எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும்.

கடைக்குள் கூட்டம் ஜெஸ்ஸப்பைப் பிடித்துக் கேட்டபோது அவன் சொன்னது, ஆரோஹெட் திட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான் என்பது. படத்தைப் போட்டவர் சொல்வதும் அதுவே: “நான் எடுக்கலைங்க, நல்லாருக்குன்னு கேள்விப்பட்டேன்.” இவ்விடத்தில் இரு கூட்டத்தாரும் காட்டும் இரக்கத்தின் அளவு ஒன்றே என்பது இவ்வாய்வின் முடிபு.