அதே நாற்பது பின்கள்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் இலங்கை மலையகத்தில் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரிக்குள் நுழைய முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்போம். கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து இறங்கும் பெல்ட்கள்தான் எல்லா இயந்திரங்களையும் ஓட்டும். கொழுந்து உருட்டும் ரோலர் ஒரு கம்பனியின் வார்ப்பு. தேயிலை காய வைக்கும் சிரொக்கோ அடுப்பு வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலிருந்து கப்பலேறி வந்தது. எந்தக் கம்பனி, எந்த ஆண்டு என்று தண்டு கேட்டதில்லை. கப்பியின் அளவு சரியாக இருந்து பெல்ட் இறுக்கமாக நின்றால் போதும், புதியதும் பழையதும் ஒன்றாக ஓடின.

ஆனால் தண்டு நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மெக்கானிக் வந்தார், கதவு சாத்தப்பட்டது, பிறகு மறுபடி சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எங்கள் இயந்திரக் கல்வி. மின்சாரக் கதையும் அப்படித்தான். 1950இல் பழைய லக்‌ஷபான மின்நிலையம் எங்கள் மலைகளின் தண்ணீரில் ஓடத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் விமலசுரேந்திர மின்நிலையமும் சேர்ந்தது. கொழும்புக்கு வெளிச்சம் போன பிறகும் எத்தனையோ ஆண்டுகள் லயத்துக் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

எங்களுக்குத் திறந்திருந்த ஒரே கருவி மழைமானி. தோட்ட ஒபிஸுக்கு முன்னால் புல்வெளியில் செம்பு உருளையும் புனலுமாக நிற்கும். காலையில் ஒபிஸ் எழுத்தரான கிளாக்கரையா தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்துப் பெரிய பதிவேட்டில் எழுதுவார். பக்கத்தில் நின்று பார்த்தால் விரட்டமாட்டார். தோட்டங்களில் இப்படி எழுதிவைத்த பதிவுகள் இல்லாவிட்டால் மலைநாட்டு மழையின் வரலாறு நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

மழையை எண்ணுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவு. இந்த எண்களை மலையகப் பிள்ளை ஒவ்வொருவரும் வாய்ப்பாடு போலத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வேன்.

அதனால்தான் எங்கள் பாடசாலையின் கணினிப் பிரிவு மாணவர்கள் ராஸ்பெரி பை 3 பலகை ஒன்றில் மழைமானி கட்டினார்கள். கையளவு பலகைதான், ஆனால் முழுக் கணினி. சிறு தொட்டி ஒன்று 0.2794 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கவிழும். கவிழும்போது காந்தம் ஒரு சுவிட்சை மூடித் திறக்கும். பலகையின் இணைப்புப் பின் ஒன்றுக்கு அந்தத் துடிப்பு வந்து சேரும், பைத்தான் நிரல் எண்ணிக்கொள்ளும். சில பருவமழைகளை அது ஒழுங்காக எண்ணியது.

பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அன்போடு ராஸ்பெரி பை 5 ஒன்றை அனுப்பினார். 2023 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்த மாதிரி, எங்கள் பழைய பலகையைவிடப் பல மடங்கு வேகம். மாணவர்கள் பழைய மெமரி கார்டைக் கழற்றிப் புதிய பலகையில் போட்டார்கள். கார்டில் இருக்கும் இயங்குதளம் இந்தப் பலகையை ஆதரிப்பதாகத் தெரியவில்லை, புதுப்பியுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி திரையில் வந்தது. அந்தச் செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்த எங்கள் காலத்துப் பழுதுபார்ப்பைப் போலல்லாமல், ஏன் நின்றேன் என்று இயந்திரமே வாய் திறந்து சொல்கிறது. ராஸ்பெரி பை 5க்கு புக்வேர்ம் என்ற இயங்குதளப் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். புதிய கார்டில் அதைப் பதித்தார்கள், பலகை எழுந்தது.

ஆனால் மழை நிரல் ஓடவில்லை. ஒரு மாணவி இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், நாற்பது பின்னும் அதே இடத்துலதானே இருக்கு? அப்புறம் ஏன் எண்ண மாட்டேங்குது?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். முதல் ராஸ்பெரி பையிலிருந்து நான்காவது வரை சமிக்ஞைப் பின்கள் மூலச் சில்லுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. ஆர்பிஐ ஜிபிஐஓ என்ற பழைய நிரலகம் அந்தச் சில்லின் நினைவக முகவரியைத் தெரிந்துவைத்துக்கொண்டு நேரே அங்கே கை வைத்தது. ஐந்தாவது பலகையில் ஆர்பி1 என்ற தனிச் சில்லு ஒன்று இடையில் வந்துவிட்டது. பின்கள் அதனோடு இணைந்திருக்கின்றன, அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக மூலச் சில்லோடு பேசுகிறது. பழைய நிரலகம் தேடிய முகவரி அங்கே இல்லை. அதனால் அடிப்படை முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. புதிய வழி, நினைவகத்தில் நேரே கை வைக்காமல் இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் கேட்டு வாங்குவது. எல்ஜிபிஐஓ என்ற நிரலகம் அப்படித்தான் செய்கிறது.

பழைய நிரலைத் திருத்தாமல் ஓட்டுவதற்கு ஆர்பிஐ எல்ஜிபிஐஓ என்ற மாற்று நிரலகம் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், பழையதை நீக்கிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். வழக்கம்போல பைத்தானின் பிப் நிறுவல் கட்டளையால் போடப் பார்த்தால் புதிய இயங்குதளம் தடுக்கிறது. அதன் சொந்தப் பைத்தானை வெளியிலிருந்து குழப்ப விடாது. இயங்குதளத்தின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவலாம், அல்லது தனி மெய்நிகர்ச் சூழல் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். பின்களைக் கட்டுப்படுத்தும் ஜிபிஐஓ சிப்பின் எண்ணை நிரலில் நேரே எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பலகையில் தொடக்கத்தில் அது 4, பின்னர் வந்த கேர்னலில் 0. வெளிவந்து கொஞ்ச காலமே ஆன விளக்கமும் அதற்குள் பழையதாகிவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகு நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான், ஏனென்றால் எண்ணிக்கை தவறாக வந்தது. நல்ல மழையில் பழைய பலகை காட்டியதைவிட மிகக் குறைவு. காரணம் நுணுக்கமானது. சுவிட்ச் மூடும்போது அதிர்வதால் ஒரு துடிப்பு பல துடிப்பாகத் தெரியாமலிருக்க நிரலில் ஒரு இடைவெளி வைப்போம். பழைய நிரலகம் முதல் துடிப்பை உடனே எண்ணிவிட்டு, இடைவெளி முடியும்வரை வருவதை ஒதுக்கிவிடும். புதியது, அந்த இடைவெளி முழுவதும் சுவிட்ச் ஒரே நிலையில் நின்றால்தான் எண்ணும். தொட்டி கவிழும்போது சுவிட்ச் நொடியின் ஒரு சிறு பங்குதான் மூடியிருக்கிறது. எங்கள் நிரலில் இருந்த நீளமான இடைவெளிக்கு அது போதவில்லை, பெரும்பாலான துடிப்புகள் கணக்கில் சேரவேயில்லை.

இதைத் திரை சொல்லவில்லை, தண்ணீர்தான் சொன்னது. மாணவர்கள் அறிவியல் கூடத்திலிருந்து கண்ணாடி அளவையைக் கொண்டுவந்து, அளந்த தண்ணீரை மெதுவாகப் புனலில் ஊற்றி, எத்தனை தடவை கவிழ வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு பலகைகளின் எண்களையும் அதனோடு வைத்துப் பார்த்து இடைவெளியைக் குறைத்தார்கள், எண்கள் ஒத்து வந்தன. கிளாக்கரையாவின் கண்ணாடிக் குவளை இன்றைக்கும் தீர்ப்புச் சொல்லும் தகுதியோடு இருக்கிறது. 75 மில்லிமீற்றர் பெய்த இரவில் 30 என்று காட்டும் கருவியைவிடக் கருவியே இல்லாமலிருப்பது மேல்.

பழைய மழைப் பதிவுகளைப் புதிய பலகைக்கு மாற்றியபோது தமிழும் தடுக்கியது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய "மழை" கே, ஐ, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளாக நின்றது. பாமினி, தமிழுக்கு ஆங்கில எழுத்துகளின் குறியெண்களைக் கடன் வாங்கிய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினோம். இன்னும் பாமினியில் கடிதம் தயாரிக்கும் அலுவலகங்களும் பாடசாலைகளும் தங்கள் ஆவணங்களை இப்போதே மாற்றி வைப்பது நல்லது.

எந்தப் பலகையை மழையில் வைப்பது? பழையதைத்தான். துடிப்பை எண்ண ராஸ்பெரி பை 3 தாராளமாகப் போதும். ராஸ்பெரி பை 5க்கு 5 வோல்ட் 5 அம்பியர், அதாவது 25 வாட் மின்வழங்கி வேண்டும். 3 அம்பியர் கொடுத்தால் யுஎஸ்பி கருவிகளுக்கான மின்சாரத்தை அது குறைத்துவிடும். கரண்ட் அடிக்கடி போகும் மலையில் ஒரு விஷயத்தில் மட்டும் 5 உயர்ந்தது: அதற்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது, சிறு பற்றரி இணைத்தால் நேரம் தவறாது. பழைய பலகையில் கரண்ட் போய் இணையமும் இல்லாதபோது மழை பெய்த நேரம் குழம்பிவிடும். அதற்கும் சிறிய கடிகாரத் துணைப்பலகைகள் கிடைக்கின்றன.

மாணவர்கள் கண்ட ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அதன் காரணத்தையும் தீர்வையும், எந்தப் பதிப்பில் பார்த்தது என்ற குறிப்போடு தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வகுப்பு அதிலிருந்து தொடங்கும்.

மலையகப் பாடசாலைகளுக்குக் கணினிப் பலகை அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையோடு அதற்குரிய மின்வழங்கியையும், சரியான பதிப்பு பதித்த கார்டையும், கடிகாரப் பற்றரியையும் சேர்த்து அனுப்புங்கள். உங்களில் நிரலாக்கம் தெரிந்தவர்கள், எது எதோடு ஒத்துப்போகும் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி உள்ளே வையுங்கள்.