வேப்பூர் வட்டாரத்தில் ‘கேர்’ என்னும் சொல்: ஒரு பொருண்மையியல் ஆய்வு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் சாலையும் குறுக்கிடும் வேப்பூர் கூட்டுரோடுதான் இவ்வாய்வின் களம். தேர்வுக்கு அறிவியல் காரணம் உண்டு. இங்கே நான்கு திசையிலிருந்தும் பஸ் வரும். நமக்கு வேண்டிய பஸ் மட்டும் வராது. ஆகவே ஒட்டுக்கேட்க அவகாசம் ஏராளம். பஸ் ஏறும் மகளிடம் ‘டேக் கேர்’, போனில் ‘நீங்க யார் கேர் ஆஃப்ல பேசறீங்க’, உரசிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்து ‘கேர்லெஸ் ஃபெல்லோ’. ஒரு டீ ஆறுவதற்குள் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் கிடைத்துவிட்டன.

பவணந்தி முனிவர் நன்னூலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். கேர் கடல் கடந்து வந்ததால் திசைச்சொல். ஆனால் பல பொருள் தருவதில் திரிசொல்லின் குணத்தைக் காட்டுகிறது. வந்த இடத்தில் உள்ளூர் ரேஷன் கார்டு வாங்கிவிட்ட சொல் என்று கொள்க.

இதன் பிறப்பு பற்றி அறிஞரிடையே குழப்பம் உண்டு. குணப்படுத்துதலைக் குறிக்கும் ‘க்யூர்’ இதன் உடன்பிறப்பு என்று பலர் நம்புகிறார்கள். தவறு. க்யூர் லத்தீன் வீட்டுப் பிள்ளை. கேர் ஜெர்மானிய வீட்டுப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் கேர் என்றால் துக்கம், புலம்பல். ஏசு சிலுவையில் அறையப்பட்ட புனித வெள்ளியை ஜெர்மானியர் இன்றும் ‘கார்ஃப்ரைடாக்’ என்கிறார்கள். அதிலுள்ள ‘கார்’ இதே துக்கம்தான். தமிழின் ‘கேள்’, அதாவது உறவு, என்பதிலிருந்தே கேர் பிறந்தது என நிறுவ விரும்புவோர் நிறுவிக்கொள்ளலாம். ளகரம் ரகரமாகத் திரிந்ததற்கு மட்டும் சான்று தர வேண்டும். டிபன் கேரியரையும் ஃப்யூஸ் கேரியரையும் இந்த வம்சத்தில் சேர்ப்பது ஆய்வு நெறிக்கு முரண்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். ‘கஸ்டமர் கேர்’ என்பது என்ன தொகை? இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன் தொக்க தொகை என்று கம்பெனிக்காரர்கள் விரிப்பார்கள்: கஸ்டமரைக் காக்கும் கேர். தமிழுக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று தொடங்கி, ஒன்பதை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்ற உறுதிமொழியைப் பலமுறை பெற்று, கடைசியில் இணைப்பு அறுந்த அனுபவம் உள்ளவர்கள் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை. இது ஆறாம் வேற்றுமைத் தொகை, கஸ்டமரது கேர். பழைய ஆங்கிலப் பொருளையும் சேர்த்தால் ‘வாடிக்கையாளரின் துக்கம்’ என்று வரும். இலக்கணமும் அனுபவமும் இவ்வளவு பொருந்திப்போவது அபூர்வம்.

‘கேர் ஆஃப்’ இன்னும் சுவையானது. தபால் துறைக்கு அது ஒரு விலாசக் குறி. சொந்த விலாசம் இல்லாதவனுக்கு வரும் கடிதத்தை இன்னார் வாங்கிக் கொடுக்கட்டும் என்று பொருள். தமிழில் ‘மே/பா’ என்று எழுதுவார்கள்; விரித்தால் மேற்பார்வை. வேப்பூரிலோ கேர் ஆஃப் என்பது சிபாரிசு. வேலைக்கு, சீட்டுக்கு, லோனுக்கு என்று எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி ‘யார் கேர் ஆஃப்?’ என்பதுதான். பெயர் சொன்னால் நாற்காலி கிடைக்கும். சொல்லாவிட்டால் ‘நாளைக்கு வாங்க’. கடிதத்துக்கு இருந்த வசதி மனிதனுக்கும் வந்துவிட்டது. யாருமே இல்லாதவனை ‘கேர் ஆஃப் பிளாட்பாரம்’ என்கிறோம். அவனுக்கும் சாலையை ஒரு புரவலராக ஏற்படுத்தித் தந்த கருணையைக் கவனிக்க வேண்டும்.

இச்சொல்லைத் தின்ற தலைமுறையும் உண்டு. 1945இல் அமெரிக்காவில் ‘கேர்’ என்ற பெயரில் ஒரு நிவாரண அமைப்பு தொடங்கி, போரில் நொந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பியது. 1960களில் அதன் உதவி நம் பள்ளி மதிய உணவுக்கும் வந்தது. கேர் வயிற்றுக்குள் போனதற்குக் கிடைத்துள்ள உறுதியான சான்று அது ஒன்றே.

ஆஸ்பத்திரி ‘இன்டென்சிவ் கேர்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கதவுக்கு உள்ளே சொல்லின் புதிய பொருள் படுத்திருக்கிறது. வெளியே பெஞ்சில் பழைய பொருள் உட்கார்ந்திருக்கிறது.

வேப்பூரிலிருந்து கிழக்கே விருத்தாசலம் போனால் கேரைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது பீங்கான் ஊர். கொலு பொம்மையும் மின்சார ஃப்யூஸும் பிறக்கிற இடம். அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, மெருகு பூசிய பொம்மையை அட்டைப்பெட்டிக்குள் அடுக்குகிறவர் கிளி பொம்மையின் மூக்குக்கும் வாலுக்கும் தனித்தனியாக வைக்கோல் சுற்றுவார். விரல் விட்டு இடுக்கைத் தடவிப் பார்ப்பார். அவர் வாயிலிருந்து கேர் என்ற சொல் வராது. பெட்டியை மூடியபின் மேலே ஆங்கிலத்தில் ‘ஹேண்டில் வித் கேர்’ என்று அச்சாகும், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பைப் படம். லாரியில் ஏற்றுகிறவர் ஆங்கிலம் படிப்பதில்லை. கோப்பையைப் பார்த்து ‘என்னமோ குடிக்கிற சமாச்சாரம்’ என்று முடிவு கட்டிப் பெட்டியை மேலே நிற்பவரை நோக்கி வீசுகிறார்.

இதிலிருந்து ‘கைமாற்று விதி’ ஒன்றை முன்வைக்கிறோம்: கேர் என்று சொன்ன கணமே அந்த வேலை சொன்னவர் கையை விட்டுப் போய்விடுகிறது. டேக் கேர் என்றால் நீ எடுத்துக்கொள், நான் கிளம்பினேன். கேர் ஆஃப் என்றால் அவரைக் கேள். பெட்டி மேல் எழுதியது சுமப்பவர் பொறுப்பு. ஆங்கிலத்திலிருந்து கைமாற்றாக வாங்கிய சொல் என்பதால் இந்தப் பெயர் இருவகையிலும் பொருந்தும். ‘பாத்துப் போம்மா’ என்பதும் ஏவல்தானே என்று மறுப்பவர்கள், அதைச் சொன்ன பெரியம்மாவைக் கவனிக்கவில்லை. அவர் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லி, பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, அரை மணியில் போனும் போடுகிறார்.

நம் மொழியின் ‘கவலை’யும் லேசுப்பட்டதல்ல. மன உளைச்சலுக்கு அது பெயர். மாடு கட்டி நீர் இறைத்த ஏற்றத்துக்கும் கவலை என்று பெயர். கிழங்குக் கொடி ஒன்றுக்கும் அதே பெயர். பழைய இலக்கியத்தில் பல வழி கவர்த்துப் பிரியும் இடமும் கவலை. அகராதிப்படி வேப்பூர் கூட்டுரோடே ஒரு கவலைதான். ஊர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது, இது இலக்கியம்.

கடைசிச் சான்று வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தையில் கிடைக்கிறது. விலை படிந்து, பணம் எண்ணி முடிந்து, கயிறு கைமாறும் முன் ஆட்டை வளர்த்த அம்மா அதன் காதுக்குள் ஒட்டிய உண்ணியைப் பிடுங்கிப் போடுகிறார். ஆடு போவது பிரியாணிக்கு என்று அவருக்குத் தெரியும். வாங்கியவர் ‘எதுக்கும்மா இதெல்லாம்’ என்கிறார். அந்த அம்மாவிடம் பதில் இல்லை. ஆய்வாளனிடமும் இதற்கு ஆங்கிலச் சொல் இல்லை.

விருத்தாசலத்துப் பெட்டி அச்சிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைப் படத்தின் கீழே ‘உள்ளே பொம்மை, போட்டால் உடையும்’ என்று கொட்டை எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். இவ்வாய்வை மறுக்க விரும்புவோர் அஞ்சலட்டையில் எழுதலாம். விலை இன்னும் 50 பைசாதான். மே/பா டீக்கடை, வேப்பூர் கூட்டுரோடு என்று எழுதினால் போதும், கடைக்காரர் வாங்கி வைப்பார்.