கை மரத்துப்போக ஒரு கையேடு

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் 75 கிலோமீட்டர் சொச்சம். விலை உயர்ந்த ரோடு பைக் ஒன்று, விடியற்காலை மூன்று மணி நேரம், கொஞ்சம் பிடிவாதம். இவ்வளவும் இருந்தால் எவருடைய சுண்டு விரலும் மோதிர விரலும் ஊர் வந்து சேர்வதற்குள் மரத்துவிடும். பூந்தமல்லி தாண்டியதும் ஊசி குத்த ஆரம்பிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கும்போது விரல் தடித்தாற்போல் இருக்க வேண்டும். பொன்னேரிக்கரையில் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பும்போது அந்த இரண்டு விரலும் உங்களுடையவையாக இருக்கக் கூடாது. சிலருக்கு இது சுங்குவார்சத்திரத்திலேயே வாய்த்துவிடுகிறது. வாய்க்காதவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

வண்டி வாங்கும்போதே தொடங்கிவிடலாம். உங்கள் உயரத்துக்கு 52 அளவு ஃபிரேம் என்றால் கடையில் இருப்பது 56-ஆகத்தான் இருக்கும். தள்ளுபடியும் அதற்குத்தான் இருக்கும். "ஸ்டெம் சின்னதா மாத்திக்கலாம் சார்" என்பார் கடைக்காரர், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டைக் காட்டி. வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள்.

அடுத்து சீட். இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான். உட்காரும் இடம் வலிக்கிறது என்று சீட்டின் மூக்கைத் தாழ்த்துங்கள். நான்கைந்து டிகிரி தாழ்ந்தாலே போதும், உடம்பு முன்பக்கம் சறுக்கிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிற வேலை உள்ளங்கைக்கு வந்து சேரும். வலி போகவில்லை, அதற்கு மாற்றல் உத்தரவு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அத்தோடு நிற்காமல், ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னாலும் நகர்த்துங்கள். கேட்க நியாயமாக இருக்கும் யோசனை என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பினால், தரையில் கிடக்கும் ஒரு பொருளைக் குனிந்து எடுங்கள். இடுப்பு தானாகப் பின்னுக்குப் போகும். இப்போது குதிகாலும் பின்புறமும் சுவரில் ஒட்டும்படி நின்று அதே பொருளை எடுக்கப் பாருங்கள், முன்னால் விழுவீர்கள். சீட்டை முன்னுக்குத் தள்ளியவர் அந்தச் சுவரைச் சொந்தச் செலவில் வண்டியிலேயே கட்டிக்கொண்டவர். அவரை விழாமல் தாங்குவது கை.

ஹேண்டில்பார் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் அப்படித்தானே குனிகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய முதுகைத் தாங்குவது கை இல்லை, கால். பெடலை அவ்வளவு பலமாக அமுக்கும்போது பெடல் திருப்பிக் கொடுக்கும் உதைப்பில் உடம்பின் பாரம் பாதி எழும்பிவிடுகிறது. நாமோ மணிக்கு 25 கிலோமீட்டரில், பக்கத்து வண்டிக்காரரோடு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறவர்கள். குனிவு அவர்களுடையது, மிதி நம்முடையது என்றால் மிச்ச பாரம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இனி பிடி. உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமாக, மணிக்கட்டு முடிகிற இடத்தில் பட்டாணி போல ஓர் எலும்பு தட்டுப்படும். அதை ஒட்டி ஒரு குறுகலான சந்து போகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861-ல் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு. அதற்குள் ஓடுவது அல்நார் நரம்பு. முழங்கையை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரன்ட் அடிக்குமே, அந்த நரம்புதான். சரியாக அந்த எலும்பின்மேல் உடம்பைச் சாய்த்து, முழங்கையை விறைப்பாக நீட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, மூன்று மணி நேரமும் அதே இடத்தில் பிடியுங்கள். நடுவில் கையை இடம் மாற்றுவது, உதறுவது போன்ற கெட்ட பழக்கங்கள் வேண்டாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் மரத்தால் அது வேறு கணக்கு: மணிக்கட்டின் நடுவே போகிற மீடியன் நரம்பு. ஒரே பயணத்தில் இரண்டையும் சாதிக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்சவரம்பு வரை காற்றடியுங்கள், சாலையின் அதிர்வு குறையாமல் கைக்கு வந்து சேரும். ஜெல் வைத்த கிளவுஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். அது இருக்கும்வரை வேறு எதையும் திருத்தத் தோன்றாது.

ஊர் வந்தாயிற்று. பலனை அனுபவிக்க காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது, ஏனென்றால் இங்கே எல்லாமே தொட்டுப் பார்க்கிற சங்கதி. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. தொட்டோமா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. தோஷம் போயிற்றா என்பதைப் பல்லிதான் சொல்ல வேண்டும். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வெந்து, மிளகும் சுக்கும் சீரகமுமாக மணக்கும் இட்லியைப் பிட்டால் பாதி மடியில் விழும். பிறகு வீட்டில் சொல்லியனுப்பிய புடவை. உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்க்கணும், ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியணும் என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருப்பார். உங்களுக்குச் சணலும் பட்டும் ஒன்றே. கடைக்காரர் காட்டுவதைப் பாராட்டிவிட்டுப் பணத்தை எண்ணலாம்; அதையும் அவரிடமே எண்ணச் சொல்வது நல்லது.

இத்தனை சௌகரியம் இருந்தும் கை திரும்ப வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியின் அருகே கொஞ்ச நேரம் உட்காரலாம். நெய்கிறவர் குழியின் விளிம்பில் அமர்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்கிறார். ஒரு கை நாடாக் கயிற்றைச் சுண்டுகிறது. மறு கை அச்சு பொருத்திய சட்டத்தை இழுத்து அடிக்கிறது. சட்டம் மேலிருந்து தொங்குவதால் அதன் பாரம் தறிக்கு. கைக்கு இயக்குகிற வேலைதான் உண்டு, தாங்குகிற வேலை இல்லை. குழியின் ஆழமும் அவர் காலுக்கு ஏற்றது. தறிக்காரர் வலி அறியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகையும் முட்டியையும் கண்ணையும் தறிக்குக் கொடுத்தவர்கள் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு. அவர்களுடைய பழைய சைக்கிளையும் பாருங்கள். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரி வண்டி. ஹேண்டில்பார் ஓட்டுகிறவரைத் தேடி வந்து நிற்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், பாரம் முழுக்க சீட்டில். உங்கள் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்கக்கூடியது இதுதான்:

"ஏன் தம்பி, உக்கார்றதுக்குன்னு சீட்டு வச்சிருக்கான். நீங்க எதுக்குக் கையில உக்காந்து வரீங்க?"

சரி, சீட்டில் உட்காருவோம். ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி சீட்டின்மேல் வைத்து மட்டம் பாருங்கள். மட்டமாக வைத்தபின் உறுத்தினால் ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு தாழ்த்தலாம். அடுத்து, சீட்டை 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். பின்னால் போனால் பெடல் தூரமாகும் என்பதால் உயரத்தை ஒரு நூல் குறையுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில் எல்லைக்கோடு இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். பின்பு ஆள் நடமாட்டம் இல்லாத உள்தெருவில், நிதானமாக மிதித்தபடி இரண்டு கையையும் பிடியிலிருந்து நூலளவு தூக்கிப் பாருங்கள். உடம்பு முன்னால் சரிந்தால் இன்னும் 5 மில்லிமீட்டர். முட்டி முணுமுணுத்தால் அதிகம் போய்விட்டீர்கள், பாதி தூரம் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணமாக்கியது என்று ஜோசியரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஹேண்டில்பாரை உயர்த்தப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டலாம். 100 மில்லிமீட்டர் நீளமும் 6 டிகிரி சாய்வும் உள்ளது என்றால் பிடி 2 சென்டிமீட்டர் எழும்பும். கழற்றும்போது பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் தளர்த்தி, அப்புறம்தான் மேல்மூடி. மாட்டும்போது மேல்மூடியை முதலில், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டுப் பக்கவாட்டுக்கு வர வேண்டும். கார்பன் வண்டி என்றால் ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் இறுக்கிவிடாதீர்கள், அதன் கோபம் வேறு மாதிரி. பிரேக் பிடிகளைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயருக்கு 75 பி.எஸ்.ஐ. அடித்தால் போதும். கிளவுஸ் போடலாம்; அது கடைசியாகச் செய்கிற வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் மரப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஒரு சோதனை. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டை இடுக்கிக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தடுக்க முடியாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் நரம்பு பலம் இழக்கிறது. அது ஆலன் கீக்கு அடங்காது, மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அவர் முதலில் "கொஞ்ச நாளைக்கு சைக்கிளைத் தொடாதீங்க" என்பார். அதற்குத் தலையாட்டுங்கள். இரண்டாவதாக "எவ்வளவு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்போது வீட்டுக்காரம்மா பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.