இணையவழி நாணய விற்பனையில் அடிமாட்டு விலை: தோற்றமும் வளர்ச்சியும்

முன்னுரை

பழங்காசுகளைப் பற்றி ஆய்வு நூல்கள் ஏராளம் வந்துவிட்டன. ராஜராஜன் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்பவர் யார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. ஆனால் ஒரு நாணயத்தைப் படம் பிடித்து, முகநூல் குழுவில் போட்டு, ‘விலை 1,500 ரூபாய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தபின், ‘150க்கு வருமா ஜி?’ என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி எந்த அறிஞரும் இதுவரை வாய் திறக்கவில்லை. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்கும் எளிய முயற்சியே இது.

ஆய்வு எல்லை

இணையத்தில் முன்பின் தெரியாதவர் கேட்கும் விலை மட்டுமே இங்கு ஆராயப்படும். வீட்டுக்கு வந்த மைத்துனர், ‘இது எனக்குத்தானே மாமா?’ என்று நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது எல்லைக்கு அப்பாற்பட்டது. அது குடும்பவியல்.

கருதுகோள்

முடிவுரையை எழுதியபின் எழுதப்படும். பல்கலைக்கழக வழக்கமும் அதுவே.

முதனூல்

இத்துறைக்கு முதனூல் ‘அடிமாட்டு விலைச் சூத்திரம்’. அது கடல்கொள்ளப்பட்டது. ஆகவே அதில் இன்னது இல்லை என்று யாராலும் மறுக்க முடியாது. சான்றாதாரங்களுள் தலையாயது இத்தகைய நூலே என்பதை ஆய்வாளர் அறிவர்.

கேட்போர் வகை

1. *கடைவினாவியர்.* ‘லாஸ்ட் எவ்ளோ?’ என்பவர். முதல் விலையைப் படித்திருக்க மாட்டார்.

2. *இரக்கவியர்.* ‘ஸ்டூடண்ட்ணா, பாத்துக் குடுங்க.’ இவர்களின் படிப்பு முடிவதே இல்லை.

3. *மொத்தக் கொள்முதலார்.* அடுத்த மாதம் நூறு காசு வாங்குவார். இந்த மாதம் ஒன்றே ஒன்று, அதுவும் அந்த நூற்றுக்கு உரிய தள்ளுபடியில்.

4. *எடையியர்.* எந்த நாணயத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பவர். காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் வந்த பத்து ரூபாய் வெள்ளி நாணயத்தின் எடை 15 கிராம். அதில் வெள்ளி 80 விழுக்காடு, அதாவது 12 கிராம். சுதந்திர வெள்ளிவிழாவுக்கு 1972இல் வந்த பத்து ரூபாய் 22.5 கிராம் எடை. கையில் வைத்தால் கனமாக இருக்கும். ஆனால் அதில் பாதிதான் வெள்ளி, 11.25 கிராம். எடையியர் கனமானதற்கு அதிகம் தருவார், காந்திக்குக் குறைத்துக் கேட்பார். இவரோடு வாதிடக் கூடாது. அன்றைய வெள்ளி விலையை 12ஆல் பெருக்கிப் பார்க்கவும். அதற்கும் கீழே கேட்டால் தெருமுனை நகைக்கடைக்காரரே இவரைவிடத் தாராளமானவர்.

5. *புள்ளியெண்ணியர்.* இவர் கற்றறிந்தவர், அதனால் ஆபத்தானவர். விக்டோரியா ராணி ரூபாயில் 1862 என்ற ஆண்டையே போட்டு 1874 வரை அச்சடித்தார்கள். ஆண்டுக்கு மேலும் கீழும் உள்ள சின்னஞ்சிறு புள்ளிகள் உண்மையான ஆண்டைக் குறிக்கும் என்று கருதி, சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றை லென்ஸ் வைத்து எண்ணி வருகிறார்கள். நீங்கள் மூன்று புள்ளி என்றால் இவர் இரண்டு என்பார். மூன்றாவது அழுக்கு என்பார். அழுக்குக்கு 400 ரூபாய் கழிப்பார். அழுக்கா புள்ளியா என்று தீர்ப்பதற்குள் அந்த ரூபாயை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார். மேலை, கீழை அறிஞர் கருத்தரங்குகளும் பெரும்பாலும் இப்படியே முடிகின்றன.

6. *பரிமாற்றியர்.* பணம் தர மாட்டார். வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவுக்கு 2012இல் வந்த ஐந்து ரூபாய் நாணயத்தை உங்களுக்கு அனுப்பி, ‘இது பத்து லட்சம் போகும், நீங்க மீதியக் குடுங்க’ என்பார். யூடியூப் மரபைச் சேர்ந்தவர். அந்த நாணயம் புழக்கத்துக்கு வந்ததுதான். வியாபாரியிடம் சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

7. *பளபளப்பியர்.* இவ்வியலின் உயிர்நாடி இவரே என்பதால் தனிப் படலம் வேண்டியிருக்கிறது.

பளபளப்புப் படலம்

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1936ஆம் ஆண்டுக் காலணா ஒன்றை விற்பனைக்கு வைக்கிறீர்கள். எண்பது ஆண்டுக்கு மேல் காற்றுப் பட்டு, வெண்கலத்தின் மேல் சீரான பழுப்பு நிறம் படிந்திருக்கிறது. பளபளப்பியர் எழுதுகிறார்: ‘காசு கறுப்பா இருக்கே ஜி. நல்லா தேச்சு பளபளன்னு போட்டோ போடுங்க, 50 ரூபா சேத்துத் தரேன்.’

தேய்ப்பது எதனால் என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. புளிக் கட்சி, சாம்பல் கட்சி, பல்பொடிக் கட்சி. எலுமிச்சை தனிக் கட்சியா, புளியின் உட்பிரிவா என்பது இன்னும் தீரவில்லை. ‘குத்துவிளக்குத் துலக்கு விளக்கம்’ (நூற்பா 14) புளியையே முதற்பொருளாகக் கொள்கிறது. அதற்குப் பாத்திரங்கழுவியார் எழுதிய உரை, ‘புளி எனவே கொட்டை நீக்கியது என்பதாயிற்று’ என்று நுட்பம் காட்டுகிறது. அவ்வுரைக்கு எழுந்த விளக்கவுரையோ, பழம்புளியா புதுப்புளியா என்பதை மூலம் சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்டு, விடை சொல்லாமலே 40 பக்கம் ஓடுகிறது. விளக்கவுரைக்கு ஒரு மறுப்புரை உண்டு. அது ஒரு மளிகைக் கணக்கின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. மளிகைக் கணக்கையும் சேர்த்துப் பதிப்பித்த பதிப்பே செம்பதிப்பு என்பது துணிபு.

இந்நிலையில்தான் பெரிய பாடவேறுபாடு ஒன்று கிடைத்தது. கரையான் அரித்த ஓர் ஏட்டில் ‘புளிகொண்டு தேய்க்க’ என்பது ‘புலிகொண்டு தேய்க்க’ என்றிருந்தது. அதை ஏடெழுதியவர் பிழை என்று விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. சோழர் காசில் புலி இருப்பதால் இது சோழநாட்டுப் பாடம் என்றார் ஒருவர். அப்படியானால் பாண்டியநாட்டுப் பாடம் ‘மீன்கொண்டு தேய்க்க’ என்று இருக்கவேண்டுமே என்றார் இன்னொருவர். மீன் குழம்பில் புளி உண்டாகையால் இரண்டும் ஒன்றே என்று சமாதானம் கண்டவருக்கு வெள்ளிவிழா மலரில் படம் வந்தது. சேரநாட்டு வில் குறித்த ஆய்வு நெறியாளர் ஓய்வு பெற்றதால் நின்று போயிற்று.

இத்தனை பேரில் ஒருவரும் காசைப் புளியில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுத் தேய்த்தால் நடப்பது இதுதான். புளியின் அமிலம் பழுப்புப் படலத்தைத் தின்றுவிடும். உள்ளே இருக்கும் வெண்கலம், ஆரோக்கியமில்லாத ஒரு வெளிர்சிவப்பில் எட்டிப் பார்க்கும். லென்ஸில் பார்த்தால் மன்னரின் கன்னத்திலும் தாடியிலும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பழுப்பு மீண்டும் படியும், ஆனால் திட்டுத் திட்டாக. விவரமறிந்த எந்தச் சேகரிப்பாளரும் அதைக் கண்டதும் ‘கழுவிய காசு’ என்று பாதிக்கும் கீழே கேட்பார். அப்படிக் கேட்பவரை இக்கட்டுரையின் எந்த வகையிலும் சேர்க்க முடியாது. அவர் கேட்பது சரியான விலை.

தரமதிப்பு குறித்த ஓர் இடைக்குறிப்பு

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் மதிப்பிடும் முறைக்கு வித்திட்டவர் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன். பழைய அமெரிக்கச் செப்பு செண்டுகளுக்காக 1949இல் அவர் வகுத்தது இது. 70 தரமுள்ள காசு, 1 தரமுள்ளதைப் போல் 70 மடங்கு விலை பெறும் என்பது அடிப்படை. மனிதரின் உடல்வாகையும் இவ்வாறே எண்ணால் வகைப்படுத்தி, குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய உளவியலாளர் அவர். 1977இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து ஒன்று தெரியவந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து உயர்தரக் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தம்முடைய தரம் குறைந்த காசுகளை வைத்திருக்கிறார். நாணயவியல் வரலாற்றில் ஓர் அறிஞர் கேட்ட அடிமாட்டு விலைகளில் தலைசிறந்தது இதுதான்: பூஜ்யம். ‘150க்கு வருமா ஜி?’ என்பவர், ஒருவகையில், கண்ணியமானவர்.

எதிர்வினை இயல்

விற்பவர் ஆற்றும் எதிர்வினை நால்வகைப்படும்.

வசை: குழுவிலிருந்து நீக்கப்படுவீர்.

மௌனம்: ‘??’ என்று வரும். பிறகு ‘ஹலோ’ என்று வரும்.

பாடம் நடத்தல்: கல்வியாளர் விரும்புவது. மும்பை நாணயச்சாலைக்கு வைரக்குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது என்று ஆண்டுக்கு அடியில் உள்ள குறிகளை எல்லாம் மூன்று பத்தியில் விளக்கி, ஆகவேதான் இந்த விலை என்று முடிப்பீர்கள். பதில் வரும்: ‘சூப்பர் ஜி. 160?’

எண்: ‘1,500. கொரியர் தனி.’ இதற்கு உரை எழுத எவராலும் முடியவில்லை. அதனாலேயே ஆய்வுலகம் இதைப் புறக்கணித்துவிட்டது.

எண்ணைச் சொல்பவர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து விலை வைக்கக் கூடாது. ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைப் பார்க்க வேண்டும். இதற்குக் கீழே தருவதில்லை என்று ஓர் அடிவிலையை மனதில் வைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டும். காசு சற்றுக் கழுவியதென்றால் அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முடிவுரை

ஆய்வின் முடிவில் தெரியவருவது: குறைத்துக் கேட்பவரால் விற்பவருக்கு நட்டமில்லை. அவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். அஞ்ச வேண்டியது அதிகம் தருகிறேன் என்பவருக்கு. 1,500 ரூபாய்க் காசுக்கு 15,000 தருவார். க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, ‘ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்’ என்பார். யுபிஐயில் பணம் பெற ‘பின்’ எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் பணம் போகும். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கமிஷன், வரி என்று கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

கருதுகோள் இப்போது எழுதப்படுகிறது: அடிமாட்டு விலை கேட்பவர் கெட்டவர் அல்லர். ஆய்வு இதை முழுமையாக நிறுவியது.

ஆகவே விற்போருக்குச் சொல்வது இவ்வளவுதான். விலையை ஒருமுறை சொல்லுங்கள். மறுபடி கேட்டால் அதே விலையைச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் கேட்பவர் வாங்கப் போவதில்லை, படுத்துத் தூங்குங்கள். காசைப் புளியில் மட்டும் போடாதீர்கள்.