கித்தான் கூண்டு

தோணிக்குக் கித்தான் தைக்க ஆள் தேடிப் போகும் நிலை அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் யாருக்கும் வந்ததில்லை. தோணியில் ஓடுகிறவர்களே தைத்துக்கொண்டார்கள். ஆடிக் காற்று ஓங்கும் மாதங்களில் கொழும்பு ஓட்டம் நின்றுபோகும். பழைய துறைமுகத்தை ஒட்டித் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கரையில் அப்போதுதான் கை நிறைய வேலை. ஒரு பக்கம் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். இன்னொரு பக்கம் மணலில் பாயை விரித்துப் போட்டு, அதன் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கிழிசல் தேடுவார்கள்.

என் அப்பா கொழும்பு ஓட்டத் தோணி ஒன்றில் தண்டல், தோணியின் தலைவர். கடலில் அவர் வேலை செய்ததை நான் பார்த்ததில்லை. கரையில் தைத்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் தடித்த தோல் பட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். அதன் நடுவே ஓர் இரும்பு வட்டு பதிந்திருக்கும். ஊசியின் பின்பக்கத்தை அந்த வட்டில் கொடுத்து அழுத்தினால்தான் மடித்த கித்தானுக்குள் ஊசி இறங்கும். ஊசி முனையும் சாதாரண ஊசி போல உருண்டையாக இருக்காது, முப்பட்டையாக இருக்கும். நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இழுத்து இழுத்து மெழுகேற்றுவார். தைத்து முடித்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை கீறிப் பார்ப்பார். நகம் எங்கேயாவது தட்டினால் பேச்சே கிடையாது, பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பார். மேடு தட்டுகிற இடத்தில்தான் கயிறு உரசும், உரசுகிற இடத்தில்தான் நடுக்கடலில் கிழியும் என்பது அவருடைய கணக்கு.

அப்போதெல்லாம் பருத்திக் கித்தான்தான். கரிசல்காட்டுப் பருத்தி வந்து இறங்கிக் கப்பலேறிய ஊர் இது. கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு தெருவே இருக்கிறது. பருத்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நனைந்ததும் இழை ஊதிப் பெருக்கும். இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து தானாக அடைபடும். ஊசி போட்ட துளையைக்கூட நூலே ஊதி அடைத்துவிடும். கெட்ட குணமும் உண்டு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாளில் கரும்புள்ளி விழும், அப்புறம் மக்கும், பிறகு விரலால் குத்தினாலே கிழியும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சுருட்டிக் கிடந்த கித்தானிலிருந்து வந்த மக்கல் வாடையை நான் ஒருபோதும் ஏங்கி நினைத்ததில்லை. பழசு என்பதால் அதை உயர்த்திச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஆட்கள் செய்ததை மறக்க முடியவில்லை. தோணியின் பின்பக்கம், சுக்கான் பிடிக்கிறவர் உட்காரும் இடத்தில், அலைத் தெறிப்பைத் தடுக்க ஒரு கித்தான் மறைப்புக் கட்டுவார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஏறத்தாழ 150 கடல் மைல். காற்று தோதாக இருந்தால் ஓர் இரவும் பகலும், இல்லாவிட்டால் நாள் கணக்கு. வாடைக் காலத்தில் கொழும்பிலிருந்து திரும்பும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். விடிய விடிய அதை வாங்கிக்கொண்டு இருக்கிறவருக்குக் கண் சிவந்து, பார்வை மங்கும். பார்வை மங்கினவர் கையில் தோணி இருக்கிறது என்றால் அதில் உள்ள எல்லார் உயிரும் அங்கே இருக்கிறது.

இந்த மறைப்பைத் தைக்கும் முன் அப்பா முழக்கோலை எடுக்க மாட்டார். சுக்கான் பிடிக்கும் பெரியவரைக் கரையில் நிற்கும் தோணிக்குள் ஏற்றி, வழக்கம்போல உட்காரச் சொல்வார். நிமிர்ந்து உட்கார்ந்தால், "கடல்ல இப்படியா இருப்பீரு? அசதியா இருக்கும்போது எப்படி இருப்பீரோ அப்படி இரும்" என்பார். அவர் தோளைத் தளர்த்திச் சாய்ந்த பிறகு, கண்ணுக்கு நாலு விரல் கீழே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதுதான் மேல் ஓரம் என்று முடிச்சுப் போடுவார். அதற்கு மேலே போனால் எதிரே வரும் விளக்கு தெரியாது. கீழே இறங்கினால் தண்ணீர் முகத்துக்கு வரும்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். என் தங்கை மகன் சரக்குக் கப்பலில் அதிகாரி. விடுமுறையில் ஓட்டுவதற்கென்று ஒரு சின்னப் பாய்மரப் படகை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறான். கொச்சி போல்காட்டித் தீவில், 2010இல் தொடங்கிய மரினாவில் அது நிற்கிறது. அதற்கு ஸ்பிரேஹூட் வேண்டும் என்றான். கூண்டு வண்டியின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்ததுபோல ஒன்று. படகின் உள்ளறைக்கு இறங்கும் வாசலுக்கு மேலே இரண்டு மூன்று துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வில்லாக வளைத்து நிறுத்தி, அதன் மேல் கித்தானை இழுத்துப் பொருத்துவார்கள். முன்பக்கம் பார்க்கத் தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல். அலை தெறித்தாலும் மழை அடித்தாலும் உள்ளறை நனையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் மறைவு. என் அப்பா பெரியவருக்குக் கட்டிய அதே மறைப்புதான்.

அவன் அதை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் சொல்லிச் செய்ய வைத்தான். படம் எடுத்து அனுப்பு, இந்த இந்த இடத்தை அளந்து எண்ணைப் போடு என்று படிவம் அனுப்பினார்கள். வண்டிக் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பெட்டியைப் பிரித்தபோது துணியைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் படகில் ஏற்றினால் ஒரு பக்கம் தொய்வு, மறுபக்கம் பொத்தானை எட்டவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ குழாய்களில் ஒன்றை மாற்றி வளைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத கோணல். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நிறுவனத்தார் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள்: நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சரியாகத் தைத்திருக்கிறோம்.

"மாமா, இத நம்மூர்ல யாராவது சரி பண்ணுவாங்களா?" என்று போனில் கேட்டான். அனுப்பி வை என்றேன்.

துறைமுகச் சாலைப் பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாவும் தோணிகளுக்குப் பாய் தைத்தவர்தான். தோணிகளுக்கு எஞ்சின் வந்த பிறகு பாய் வேலை குறைந்தது. கொழும்பு ஓட்டம் இலங்கைப் போரில் தடைபட்டது. இன்று மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகும் தோணிகளுக்குச் சரக்கை மூடும் தார்ப்பாய் தேவைப்படுகிறது. மற்றபடி லாரிதான் அவருக்குச் சோறு. உப்பளத்து அம்பாரங்களைப் பனையோலையால் மூடுவது குறைந்து பிளாஸ்டிக் விரிப்புகள் வந்ததில் கொஞ்சம் வேலை கூடியது என்பார்.

கடையில் அந்தக் கூண்டை விரித்ததும் அவர் துணியைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் நீவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் கீறினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"தையல் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. துணி அதவிட ஒசத்தி. ஆனா நூல் பாலியெஸ்டர். நம்ம வெயில்ல துணிக்கு முன்னாடி நூலு போயிரும், பாத்துக்கோங்க."

அவர் சொன்னது சரி. அந்தத் துணி அக்ரிலிக். சாயத்தில் முக்கி எடுத்ததல்ல. இழை ஆகும் முன்பே, கரைசலாக இருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் நிறம் மேலே ஒட்டியிராது, இழை முழுக்க இருக்கும். வெயிலில் வெளுப்பது மிகவும் மெதுவாகத்தான். ஈரத்தில் பருத்தி போல மக்குவதும் இல்லை. நூல் அப்படியில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் பாலியெஸ்டர் நூலைச் சில ஆண்டுகளில் பொடியாக்கிவிடும். அதற்கென்று பி.டி.எஃப்.இ. என்ற வேதிப்பொருளில் செய்த நூல் உண்டு. அதை வெயில் ஒன்றும் செய்யாது. விலை பல மடங்கு. வழுக்குகிற நூல், மெஷினில் இழுவிசையைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். மருமகன் அதை வரவழைத்தான்.

இந்த வகைத் துணியில் பேர்போனது சன்பிரெல்லா. அமெரிக்காவில் கிளென் ராவன் நிறுவனம் அதை நிழல்பந்தல்களுக்காக 1961இல் கொண்டுவந்தது. அந்த வருடத்தைப் படித்ததும் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தது அதே 1961இல்தான். சித்தப்பா இளவயதில் சலாப வள்ளத்தில் போனவர். சிப்பிப் பாருக்கு மேலே நங்கூரம் போட்டதும் பாயை இறக்கி, அதையே நிழலுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு, குளித்து ஏறினவர்களை அதன் அடியில் உட்கார வைப்பார்களாம். பருத்தி நிழலில் எங்கள் ஆட்கள் கடைசி முத்தை எடுத்துக்கொண்டிருந்த வருடத்தில், பருத்தியை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரப்போகும் துணி உலகின் இன்னொரு மூலையில் சந்தைக்கு வந்துவிட்டது. முத்துப் பார்களில் சிப்பி திரளவில்லை, சலாபம் திரும்பவும் நடக்கவில்லை. துணி மட்டும் கொச்சி வழியாக எங்கள் ஊருக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பழையதைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தைப்பதே நல்லது என்று அண்ணாச்சி சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. "நான் படகைப் பாக்கணும். பாக்காம கத்திரி வைக்க மாட்டேன்."

இப்போது பாலருவி எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியிலிருந்தே புறப்படுகிறது. ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம். கத்திரி, மெழுகுப் பென்சில், ஒட்டு டேப், தெளிந்த பிளாஸ்டிக் சுருள் ஒன்று, இவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. முதலில் குழாய்களைக் கயிறு கொண்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, அசையாமல் நிறுத்தினார். பிறகு பிளாஸ்டிக்கை அதன் மேல் சுருக்கமில்லாமல் விரித்து ஒட்டினார். குழாய் எங்கே வளைகிறதோ அங்கே கோடு, பொத்தான் எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி, தையல் எங்கே வரவேண்டுமோ அங்கே குறுக்குக் கோடு. பழைய ஆள் மாற்றி வளைத்த கோணல் தானாகவே அந்தப் பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது. அதை யாரும் எண்ணாக்க வேண்டியிருக்கவில்லை. மேல்நாட்டில் நல்ல கைக்காரர்களும் இப்படித்தான் படகின் மேலேயே அச்சு எடுக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. லாரியில் சரக்கு ஏறிய பிறகு மேடு பள்ளம் பார்த்துத் தார்ப்பாய் அளக்கிற பழக்கம்.

கோடு போட்டு முடிந்ததும் மருமகனைச் சுக்கான் பக்கம் உட்காரச் சொன்னார். அவன் நேராக உட்கார்ந்தான். "கொஞ்சம் சாஞ்சுக்கோங்க தம்பி, நாள் பூரா ஓட்டுன மாதிரி" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் என் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

ஜன்னலைப் பற்றித்தான் அவர் நெடுநேரம் கவலைப்பட்டார். வெயிலில் குழாய் கொதிக்கும். தெளிந்த பிளாஸ்டிக் அதைத் தொட்டால் பொசுங்கி மங்கிவிடும். குழாய் படும் வரிசை முழுவதும் உள்பக்கம் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைத்தார். ஜன்னலை மடிக்காமல் முழுதாகச் சுருட்ட வசதியாக ஜிப் வைத்தார். குழாயில் ஏற்கெனவே கீல் பக்கம் துருப்புள்ளி தட்டியிருந்தது. கடல் உப்பைத் தாங்க 316 ரகம் வேண்டும், அதில் மாலிப்டினம் கலந்திருக்கும். இது அதுவல்ல என்று மருமகனே கண்டுபிடித்து, அதே வளைவில் மாற்றினான்.

அடுத்த விடுமுறையில் கூண்டை ஏற்றினோம். பொத்தான்கள் ஒவ்வொன்றாக இடத்தில் விழுந்தன. மேல் ஓரம் அவன் கண்ணுக்கு நாலு விரல் கீழே நின்றது. கொச்சி அழிமுகத்தைத் தாண்டி வெளியே போனதும் எதிர்காற்றில் தண்ணீர் வந்து ஜன்னலில் அறைந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் வரப்போவதாக இப்போது பேச்சு. வரட்டும். ஆனால் கடலுக்குத் தைக்கத் தெரிந்த கை இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறது. கொச்சியிலும் கோவாவிலும் மும்பையிலும் பாய்மரப் படகுகள் நிற்கின்றன. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இருக்கிறது. எல்லாப் படகுக்கும் ஏதாவது ஒரு மூடி வேண்டும். அந்த வேலை இங்கே வரவேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அண்ணாச்சியின் மகன் லாரி ஓட்டப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், இப்போது பி.டி.எஃப்.இ. நூலுக்கு மெஷினைச் சரிசெய்யக் கற்றிருக்கிறான்.

போன வாரம் மரினாவில் பக்கத்துப் படகுக்காரர் கேட்டனுப்பினார். படகின் நாலு பக்கத்துப் படமும் அளவும் வாட்ஸ்அப்பில் வந்தன. அண்ணாச்சி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

"நல்லா எடுத்திருக்காரு. ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லுங்க."