தண்டுவடத்தின் தனி அதிகாரம்

கேள்வி: தோசைக்கல் சுட்டதும் யோசிக்காமலேயே கையை இழுத்துக்கொள்கிறோமே, எப்படி?

பதில்: யோசித்துக்கொண்டிருந்தால் விரல் வெந்துவிடுமே! சூட்டுத் தகவல் முதலில் போய்ச் சேருவது தண்டுவடத்துக்கு. சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த ஆசாமி, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் ‘இழு’ என்று கைத்தசைக்கு ஆணையிட்டுவிடுகிறார். மூளைக்கு நகல் மட்டும்தான். நாம் ‘ஆ!’ என்பது அதற்குப் பிறகு. முதலில் ‘சுரீர்’ என்று வருவது வேக நரம்பிழையின் வேலை. பின்னால் வரும் எரிச்சல், விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாத நிதான இழையில் ஆடி அசைந்து வருகிறது.

ஆனால் சுடுவது விலை உயர்ந்த பீங்கான் கோப்பை என்றால், மூளை குறுக்கிட்டு, ‘போட்டுவிடாதே’ என்று தண்டுவடத்தையே அடக்கப் பார்க்கும். உடம்பில் விலைவாசி தெரிந்த உறுப்பு அது ஒன்றுதான்!